சப்பாத்துக்குத்தான் சட்டம்

“முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ. பிறகு கதைப்பம்.”

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள அந்தக் கோயில் வாசலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயரட்ணம் கையை நீட்டி மறித்தார். வெள்ளிக்கிழமை. பின்னால் சனம் வரிசையாக நின்றது.

“அண்ணை, இது புதுச் சப்பாத்து. வெளியில ஒருக்காலும் போடேல்லை. வாசல் வரைக்கும் பழசோட வந்து, இஞ்சதான் மாத்தினனான்” என்றாள் தெய்வநாயகி.

“புதுசெண்டாலும் சப்பாத்து சப்பாத்துத்தான்.”

மகள் அட்சயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அங்கிள், இது மெடிக்கல் விஷயம். அம்மாவுக்குக் குதிக்கால் வருத்தம். உள்ளுக்க இருக்கிறது அவவின்ர காலுக்கு அச்செடுத்துச் செய்த இன்சோல். வெறுங்காலோட நடக்கக் கூடாதாம்.”

“அப்ப வீட்டில இருந்தே கும்பிடலாமே, பிள்ளை?”

“மனுசனே இவர்?” என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

“அப்பாவின்ர ஹார்ட் ஒப்பரேஷனுக்கு வைச்ச நேர்த்திக்கடன், அங்கிள். இருபத்தொரு சுற்று. கால் ஏலாமல் மூண்டு மாதமாத் தள்ளிப் போகுது.”

“சட்டம் நான் போட்டதில்லை. அடுத்த ஆக்கள் வாங்கோ.”

தெய்வநாயகி கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

பிழை அவளுடையதும்தான். முன்பு கிளினிக்கில், இன்சோல் செய்யும் மரியோ என்பவர் முழுநீள இன்சோலையும் முக்கால்நீள இன்சோலையும் காட்டி, “எங்கே அதிகம் நடப்பீர்கள்?” என்று கேட்டார். “கோயிலில்” என்றாள். அங்கே சப்பாத்தே போடுவதில்லை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் செய்து தராமல் விட்டுவிடுவாரோ என்று பயம். பாதத்தின் வளைவை இறுக்கமாகத் தாங்கும் முக்கால்நீளத்தைத் தெரிந்தெடுத்தாள். அது எந்தச் சப்பாத்துக்குள்ளும் போகும் என்றார்கள்.

மூன்றாவது சுற்று முடிய அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“இனி ஏலாது பிள்ளை. வா, வீட்ட போவம்.”

இருவரும் வாசலுக்கு வந்தபோது பூசை தொடங்கியிருந்தது. சனம் முழுக்க உள்ளே. ஜெயரட்ணம் தனியே நின்று, தெய்வநாயகியின் சப்பாத்துக்குள் கையை விட்டு இன்சோலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள்! அதை ஏன் தொடுறீங்கள்?”

அவர் இரண்டு இன்சோலையும் ஈரத்துணியால் துடைத்தார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு புதுப் பக்கெற்றை எடுத்தார். ஆஸ்பத்திரியில் தருவார்களே, சறுக்காமல் இருக்க அடியில் றப்பர்ப் புள்ளி வைத்த சொக்ஸ். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இன்சோலைச் செருகி நீட்டினார்.

“போட்டுப் பாருங்கோ, தங்கச்சி. வளைவு உள்பக்கம் வரவேணும்.”

தெய்வநாயகி கதிரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நாலு அடி வைத்தாள். குதிக்கால் எரியவில்லை.

“மூண்டு சுற்று முடிஞ்சதை இதில நிண்டு பாத்தனான். இன்னும் பதினெட்டு. ஆறுதலா, மெல்லமாப் போங்கோ.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, அங்கிள்?” என்றாள் அட்சயா.

“அவ்வளவு சனத்துக்கு முன்னால விட்டால், அடுத்த வெள்ளி எல்லாருக்கும் குதிக்கால் வருத்தம் வந்திடும்.”

“சட்டத்துக்கு இது சரியோ?”

“சட்டம் சப்பாத்துக்குத்தான். சொக்ஸுக்கு இல்லை.”

“ஆராவது கண்டுபிடிச்சால்?”

ஜெயரட்ணம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நிலத்தைத் தொட்ட வேட்டியை ஒரு சாண் தூக்கினார். அவருடைய காலிலும் அதே புள்ளி வைத்த சொக்ஸ். உள்ளே அதே வளைவு.

“ஆறு வருஷமா இதோடதான் இதில நிக்கிறன், பிள்ளை. இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.”