தெரியுது மேடம்

ஐம்பதாவது ஆளாக வந்து என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தவர் என் அப்பா.

"கேம்ப் பக்கம் வந்துடாதப்பா" என்று காலையில்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வந்ததும் வந்தார், "வணக்கம் மேடம்" என்றார். யாரோ எவரோ மாதிரி.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். அல்சூரில் ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசக் கால் பரிசோதனை. மணி பன்னிரண்டரை. கூட்டம் கலைந்துவிட்டது. டாக்டர் டொமினிக் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது பேரின் கால்களை ஒழுங்காகப் பரிசோதித்து ஐம்பது கார்டு நிரப்பினால் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு அமெரிக்காவும் இல்லை, படிப்பும் இல்லை.

பி.எஸ்ஸி.யில் நான் வாங்கியது நாற்பத்தெட்டு சதவீதம். சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தடவை இம்ப்ரூவ்மெண்ட் பரீட்சை எழுதினேன். முக்கி முனகி ஐம்பத்தேழு. இதுவும் போதாது, ஒரு டாக்டர் உன் வேலையைப் பார்த்துக் கடிதம் கொடுத்தால் யோசிக்கிறோம் என்று அந்த அமெரிக்கக் காலேஜிலிருந்து எழுதிவிட்டார்கள்.

காலை மட்டும் பார்க்கிற டாக்டர் படிப்பு. அப்பாவுக்கு அதில் ஒரே குஷி. "ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன். நீ கால் வைத்தியர்தானே, ஐந்நூறு போதும்மா" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இன்றைக்குக் கடைசி முகாம், ஐம்பது தேறுமோ தேறாதோ என்று காலையில் புலம்பியதும் நான்தான்.

அவரை ஏன் வரவேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு செருப்புக் கடையில் சேல்ஸ்மேன் வேலை. முப்பது வருஷமாக முட்டி போட்டு உட்கார்ந்து அடுத்தவர் காலில் ஷூ மாட்டிவிடுகிறார். உங்க அப்பா என்ன பண்றார் என்று டொமினிக் சார் கேட்டபோது "ஷூ பிசினஸ் சார்" என்றேன். "எக்ஸ்போர்ட்டா?" என்றார். தலையாட்டினேன்.

காலைத் தொடுகிற படிப்புக்கு நாயாய் அலைகிறேன். காலைத் தொட்டு என்னைப் படிக்க வைத்தவரைச் சொல்ல வாய் வரவில்லை. தூ.

"பேர் சொல்லுங்க."

"அய்யாவு மேடம்."

பெற்ற அப்பாவிடம் பேர் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஒட்டினாற்போல் ஓரமாக வைத்தார். கடைப் பழக்கம். சாக்ஸை நான் உருவினேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண்ணில் ஈரமாக ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. வராண்டா மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. நாற்பத்தொன்பது பேரின் கால்களைப் பார்த்தவள், வீட்டில் இருந்த காலை ஒருநாளும் பார்க்கவில்லை.

"கண்ணை மூடிக்கோங்க. தொடறது தெரிஞ்சா சொல்லுங்க."

கருவியின் கைப்பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருக்கும். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, அது வளையும்வரை பாதத்தில் அழுத்த வேண்டும். பத்து இடம்.

"தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"இங்க?"

"நல்லா தெரியுது மேடம்."

நான் கேட்ட பிறகுதான் பதில் வந்தது, ஒவ்வொரு தடவையும். தொட்டபோது ஒரு தடவைகூடத் தானாகச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு தடவை தொடாமலே கேட்க வேண்டும் என்பது டொமினிக் சார் சொல்லிக் கொடுத்தது. இழையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"தெரியுது மேடம்."

மறுபடியும் தொடாமல் கேட்டேன்.

"சூப்பரா தெரியுது மேடம். நல்லா பண்றீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பின்னால் சார் நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். இது எனக்கு நடக்கிற பரீட்சை என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக வேறு பேச்சு ஏது? தெரியவில்லை என்று சொன்னால் மகளுக்கு மார்க் குறையும். அதனால் பத்துக்குப் பத்து போட வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டுவிடலாம். கடிதம் வந்துவிடும். மரத்துப்போன அந்தக் கால், புண் முற்றிப் போய்விடும்.

கார்டில் பத்துக் கட்டத்திலும் பூஜ்யம் எழுதினேன்.

டொமினிக் சார் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது? பேஷண்ட் எல்லா எடத்துலயும் தெரியுதுன்றாரு, நீ பூரா ஜீரோ போட்டிருக்கே? ஒழுங்கா அழுத்தினியா இல்லியா?"

"அழுத்தினேன் சார். அவர் பொய் சொல்றாரு."

"பொய் சொல்ல அவருக்கு இன்னா அவசியம்?"

ஈர சாக்ஸ் இன்னும் என் இடது கையிலேயே இருந்தது. வெட்கம் காதுவரை சுட்டது. அவரை நினைத்து வந்த வெட்கமில்லை.

"எனக்கு மார்க் வரணும்னு சொல்றாரு சார். இவர் எங்க அப்பா. எக்ஸ்போர்ட்டெல்லாம் இல்ல. செருப்புக் கடையில சேல்ஸ்மேன்."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நான் இன்னும் திறக்கச் சொல்லவில்லை அல்லவா. மூடிய கண்ணோடு, சார் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"இல்லீங்க சார். மேடம் யாருன்னே எனக்குத் தெரியாது."