முன்பல் தடம்

பலெம்பாங்கில் பழைய சீனக் காசை மணலில் பதித்து, அதேபோல் வெள்ளீயக் காசு வார்ப்பது ருக்கியாவின் தொழில். கணவன் மஹுதை அடக்கம் செய்த பின் அன்றுதான் உலை மூட்டினாள். ஒவ்வொரு வார்ப்பிலும் ஈயம் சுத்தமா என்று ஒரு காசை அவன் கடித்துப் பார்ப்பான். ஒரு முன்பல் இல்லாததால் தடத்தின் நடுவில் இடைவெளி இருக்கும்.

வார்த்த காசுக் கொத்தை மணல் அச்சிலிருந்து வெளியே எடுத்தாள். எல்லாக் காசிலும் அதே தடம்.

"கடிச்ச காசைப் பதிச்சுட்டீங்களா அண்ணி? அழுதுக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான்," என்றான் கொழுந்தன் காசிம்.

"புதுசைத்தான்டா பதிச்சேன்."

மறுபடி மணல் கொட்டி, நல்ல காசாகப் பார்த்துப் பதித்து, ஈயத்தை ஊற்றினார்கள். வெள்ளீயத்தைக் கடித்தால் மொறுக்கென்று சத்தம் வரும்.

அச்சு ஆறுவதற்குள் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. காசிம் அச்சின்மேல் கல்லைத் தூக்கி வைத்தான். சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு காசாகக் கடித்தபடி, ஈயம் ஊற்றிய வாயை நோக்கி வந்துகொண்டிருந்தது.