தடையில்லாச் சான்று

"சார், இந்த வருஷமும் இல்லேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு நாப்பத்திரெண்டு முடியப் போவுது."

எல்லப்பன் நின்றபடியே சொன்னார். தொடர்ந்து ரெண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்கு வந்திருந்தார். கண் எரிந்தது. உட்கார்ந்தால் அங்கேயே தூங்கிவிடுவோமோ என்று பயம்.

பிஎச்.டி. ஆசை இன்று நேற்று வந்ததல்ல. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். அதற்கு, 'எங்களிடம் வேலை பார்க்கிறார், படிக்கத் தடையில்லை' என்று கம்பெனி எழுதித் தரவேண்டும். அந்த ஒற்றைத் தாளுக்குத்தான் மனுஷன் நாலு வருஷமாக நாயாய் அலைகிறார். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்.

"நீங்க காலேஜுக்குப் போயிட்டா மெஷினை யாரு பாக்கறது?"

அதுவும் நியாயம்தான், போங்கள்! ஓடுகிற சத்தத்தைக் கேட்டே மெஷினுக்கு என்ன நோய் என்று சொல்கிற ஆள் அந்தக் கம்பெனியில் அவர் ஒருத்தர்தான்.

போன வருஷம் மேனேஜர் ராஜ்குமார் ஒரு நிபந்தனை போட்டார். "மெஷின் ரிப்பேர் ஆகறதை முன்கூட்டியே கண்டுபிடிக்கறதுதானே உங்க ஆராய்ச்சி? மொதல்ல இங்க செஞ்சு காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்."

செய்து காட்டினார். லீவு நாளெல்லாம் உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பன்னிரண்டு மெஷினிலும் சென்சார் மாட்டினார். எந்த அதிர்வுக்கு என்ன கோளாறு என்று பதினெட்டு வருஷமாகத் தலைக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

"நாளைக்குக் கடைசித் தேதி சார். கைடுகூட சரின்னுட்டாரு."

ராஜ்குமார் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். "ஆறு மாசமா ஒரு பிரேக்டவுன்கூட இல்ல எல்லப்பன். போன வாரம் சேர்ந்த டிரெய்னிப் பொண்ணே, எந்த பேரிங்கை எப்ப மாத்தணும்னு பாத்துச் சொல்லிடுது."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். இனிமே நான் சனி, ஞாயிறு இல்லேன்னாலும் லைன் நிக்காது."

"ஆய்த்து, ஆய்த்து. குடுங்க," என்று கன்னடத்திலேயே 'சரி' சொன்னார் பெங்களூரிலிருந்து தினம் வந்துபோகிற ராஜ்குமார். முழுசாகப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார்.

எல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுப் பக்கம் ஒதுங்கி, மனைவிக்குப் போன் போட்டார்.

"பொற்கொடி, கெடச்சிருச்சு!"

"அய்யோ, நெசமாவாங்க? எந்த சாமி கண்ணத் தொறந்துச்சோ! மொதல்ல வூட்டுக்கு வந்து படுங்க. நாலு வருசமா ஒழுங்காத் தூங்குனீங்களா நீங்க?"

"ஒரு நிமிஷம் எல்லப்பன்." ராஜ்குமார் நிமிர்ந்து பார்க்காமலேயே இன்னொரு தாளை நீட்டினார். "இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். ஹெட் ஆபீஸ் முடிவு. என் கையில ஒண்ணுமில்ல."

'எங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் திரு. எல்லப்பன்' என்று தொடங்கிய தாள் இடது கையில் இருந்தது. வலது கைக்கு வந்த தாளோ, மெஷின்களை இனி கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்ளும் என்பதால் ஒன்றாம் தேதியிலிருந்து அவர் வேலைக்கு வரத் தேவையில்லை என்றது.