கடலென்றால் பயம்

"புவனா, நீயும் ஒருக்கா சர்ஃபிங் பலகைல ஏறிப் பாரு" என்றான் மதன்குமார்.

"ஐயோ, எனக்குத் தண்ணின்னாலே பயமுங்க. நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

"துடியலூர்ல இருந்து கோவளம் வந்து மணல்ல உக்காந்திருக்கறா பாரு!"

சிரித்தபடி இரண்டு பிள்ளைகளோடும் அவன் கடலில் இறங்கினான். ரயிலில் சின்னவளைத் தூங்கவைத்தே விடிந்துவிட்டது புவனாவுக்கு. செருப்புகளுக்கு நடுவே கால் நீட்டிக் கண்ணை மூடினாள்.

"அக்கா, செருப்பு போகுது!" என்று கத்தினாள் பலகை வாடகைக்கு விடும் பெண்.

மதன்குமாரின் புதுச்செருப்பு அலையோடு போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் அவன் சின்னவளைப் பலகையில் ஏற்றப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான். புவனா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். அலைக்கு அடியில் மூழ்கி, அந்தப்பக்கம் எழுந்து, செருப்போடு நீந்தி வந்தாள்.

பலகைக்காரி வாயைப் பிளந்தாள். "பயம்னு சொன்னீங்களே அக்கா?"

"எங்கப்பன் தோட்டத்துக் கெணத்துல குதிச்சு வளந்தவங்க நானு. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. நீச்சல் தெரியும்னா இங்கயும் புள்ளைகள நாந்தான் பாக்கோணும்."

மூச்சு வாங்க மதன்குமார் பிள்ளைகளோடு கரையேறி வந்தான். "சின்னவள நீ கொஞ்சம்... அட, ஏன் நனைஞ்சிருக்கற?"

"ஒரு அலை வந்து அடிச்சுப்போட்டுதுங்க" என்றாள் புவனா, கண்ணை மூடிக்கொண்டே. "பயந்தே போயிட்டேன்."