சவுக்குத் தோப்பில் வெள்ளோட்டம்

“எல்லாரும் உக்காந்தாச்சா? அமுதவல்லி, யார் யார் வந்திருக்காங்கன்னு மொதல்ல எழுதிக்கம்மா” என்றார் கம்பெனி முதலாளி தேவதாஸ்.

அமுதவல்லி எழுதினாள். மேசையின் தலைப்பக்கம் தேவதாஸ். அவருக்கு வலப்புறம் இன்ஜினியர் இளஞ்செழியன். எதிரே, தவளக்குப்பத்துச் சவுக்குத் தோப்பின் சொந்தக்காரர் கோவிந்தசாமி. கதவோரம் தோப்புக் காவல்காரர் கண்ணையன். நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை.

மேசை நடுவே அந்தச் சின்ன வண்டி. மரங்களுக்கிடையே தானாக உருண்டுபோய், சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, காற்று எவ்வளவு சுடுகிறது, புகை வருகிறதா என்று பார்த்துச் செல்போனுக்குச் சேதி அனுப்பும். காட்டுத்தீயை முன்கூட்டியே சொல்வதற்காக முத்தியால்பேட்டைப் பட்டறையில் செய்தது. அந்த 2006ஆம் வருஷக் கோடை முழுக்கத் தோப்பில் உருண்டும், சொல்வதற்கு அதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. முதல் புகையிலேயே சேதி வந்துவிட்டது. ஆனால் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்வதற்குள் பாதித் தோப்பு எரிந்துவிட்டது. ஓரத்திலிருந்த கண்ணையனின் குடிசையும் போயிற்று.

“உங்க வண்டி வேலை செஞ்சிது, சரி. நெருப்பு எங்கேர்ந்து வந்துது? அதச் சொல்லுங்க” என்றார் கோவிந்தசாமி. ஆடி கழிந்ததும் வெட்ட இருந்த மரங்கள்.

இளஞ்செழியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான்தாங்க” என்றார் கண்ணையன். “பீடிய அணைக்காம சருகுல போட்டுட்டேன்.”

அமுதவல்லியின் பேனா நின்றது. அவரை இன்னும் யாரும் கேட்கவே இல்லையே.

கோவிந்தசாமி கத்தவில்லை. “சோறு போட்ட தோப்பக் கொளுத்திட்டியேடா. இனிமே அந்தப் பக்கம் தலை காட்டாத” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். கண்ணையனின் இத்தனை வருஷக் காவல் அதோடு முடிந்தது.

வனத்துறைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தேவதாஸ் சொல்லச் சொல்ல அமுதவல்லி எழுதினாள். காவலாளியின் கவனக்குறைவால் மூண்ட தீயை எங்கள் கருவி நொடியில் கண்டறிந்தது. காடுகளுக்கும் இதை வாங்கிப் பயன்படுத்தலாம். கவனக்குறைவு என்று மொட்டையாக இருக்கிறதே, பீடி என்றே போடு என்றார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணையன் அப்படியே நின்றிருந்தார்.

“ஐயா, நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?”

“எங்க?”

“கேட் வேலைக்குத்தாங்க. வண்டிய சோதிக்க இன்ஜினியர் தம்பி வெச்ச தீய நான் வெச்சேன்னு ஒத்துக்கிட்டா, இங்க வாட்ச்மேன் வேலைன்னீங்களே.”

“தோப்பயே கொளுத்துனவனக் காவலுக்கு வெச்சா, ஊர்ல என்ன பேசுவாங்க கண்ணையா?” என்று கேட்டுவிட்டு, தேவதாஸ் கடிதத்தை அமுதவல்லியிடம் நீட்ட, அவள் அதைக் கவரில் வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டி, அன்றைய தபாலிலேயே அனுப்பிவைத்தாள்.