அறாத கயிறு

கயிற்றின் புரியைப் பிரித்துப் பார்த்தான்.

உள்ளே உப்புத்தூள் இல்லை. நூல் பளபளவென்று இருந்தது. போன வாரம்தான் வாங்கியிருக்க வேண்டும்.

முடிச்சை இழுத்தான். அசையவில்லை. படகுத்துறை மேடையில் பதித்த இரும்புக் குற்றியைக் காலால் உதைத்தான். கால்தான் வலித்தது.

நான்கு கயிறு. நான்கும் மணிக்கட்டு கனம்.

படகுக்குள் நின்றபடி அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. கட்டைப் பார்க்கச் சொல்லி இன்று காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். வேறு வழியில்லை. போன புயலில் அண்ணன் கட்டிய கயிறு அறுந்து, அவருடைய இன்னொரு படகு கருங்கல் கரையில் மோதி இரண்டாக உடைந்தது. இவன் கட்டிய படகு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஊரே பார்த்தது.

அந்தப் பயம். இந்த முறை சுருக்கி, இறுக்கி, நான்காகக் கட்டிவிட்டார்.

ஏழாம் எண் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது. கடல் ஓர் ஆள் உயரம் ஏறும் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேடையிலிருந்து கடலுக்குள் இறங்கும் படிகளில் ஆறுதான் வெளியே தெரிந்தது.

அவன் கயிற்றின் நீளத்தைப் பார்த்தான்.

தளர்வே விடவில்லை. தண்ணீர் இரண்டு முழம் ஏறினால் விண்ணென்று நிற்கும். அதற்கு மேலும் தண்ணீர் ஏறும். படகு ஏறாது. கயிறு பிடித்து அமுக்கும். படகு ஒரு பக்கமாகச் சாயும். பிறகு கடல் உள்ளே வரும்.

அறுந்தால்கூடப் படகு மிதக்கும்.

இந்தக் கயிறு அறாது.

"தாங்குமாடா?"

அவன் படகின் முகப்பைப் பார்த்தான். பச்சை பெயிண்ட். அதில் அண்ணன் மகன் பெயர். அடியில் பழைய எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. அமலி. அவன் மகள் பெயர். அப்பா எழுதவைத்தது. படகு இரண்டு பேருக்கும் பொது என்று சொன்னவரும் அப்பாதான். அவரை அடக்கம் செய்த எட்டாம் நாளே பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

அந்தப் பெயரை மறைக்க ஒரே பூச்சுதான் அடித்திருந்தார்கள். சிக்கனம்.

"அறாதுண்ணே."

பொய் இல்லை.

அண்ணன் மூச்சு விட்டார். மூன்று வருடத்தில் முதன்முறையாகச் சிரித்தார். சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்காதே, வீட்டுப் பக்கம் போய் அண்ணியிடம் ஒரு வாய் டீ குடி என்றார். அமலி எப்படிப் படிக்கிறாள் என்றும் கேட்டார்.

பிறகு பாயை எடுத்து உதறி, படகின் அறைக்குள் விரித்தார்.

அவன் விரிந்த பாயைப் பார்த்தான்.

ராத்திரி இங்கேயேதான் படுக்கப் போகிறாராம். தூங்காமல் காவல் இருப்பதாகத்தான் நினைத்திருந்தாராம். ஏதாவது என்றால் கயிற்றை அறுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று.

"நீயே சொல்லிட்ட. இனி எனக்கு இது எதுக்கு?"

இடுப்பிலிருந்து கத்தியை உருவி, பிடியைத் திருப்பி நீட்டினார்.

அப்பாவின் கத்தி. கயிறு அறுக்கிற கத்தி. அவன் எத்தனையோ முறை கேட்டு அனுப்பியும் கொடுக்காதது.

அவன் வாயைத் திறந்தான்.

பச்சை பெயிண்ட் கண்ணில் பட்டது.

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

மேடையில் திரும்பி நடந்தான். படிகளில் இப்போது நான்குதான் தெரிந்தது.

பின்னால் முதல் கயிறு முறுகும் சத்தம்.

அவன் கை இடுப்புக்குப் போனது.

கத்தி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான்.