காயாத பிரைமர்

சுயம்புக்கனி உப்புத்தாளை நான்காக மடித்துக்கொண்டு காரின் இடது கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

கதவின் கீழ் விளிம்பில் ஆறு புள்ளிகள். ஐந்து மிளகளவு. ஒன்று மட்டும் புளியங்கொட்டை அளவு.

தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு நான்கு மாதம் போதும்.

வண்டி அசையாமல் நிற்கத் தொடங்கி அத்தனை நாளாகிறது. அவள் கணவன் லிங்கதுரைக்குப் பக்கவாதம் வந்தும் அத்தனை நாள்தான். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின.

அவன் வாசல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தேய்த்தாள்.

பழுப்புத் தூள் நகக்கண்ணில் ஏறியது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். பெயின்ட் உரிய உரிய, அடியில் துரு இன்னும் அகலமாகக் கிடந்தது.

லிங்கதுரையின் அண்ணன் பால்துரை முந்தின நாள் போன் செய்திருந்தார். ஞாயிறு காலை ஒரு ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னார். துரு தின்று தீர்ப்பதற்குள் வண்டியை அவருக்கு விற்றுவிடலாம். அப்புறம் இந்த வீட்டையும் காலி செய்துவிட்டு, கோவில்பட்டியில் தன் வீட்டு மாடி அறைக்கு இருவரும் வந்துவிடலாம். தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருப்பார்கள் என்றார்.

அவள் சரி என்று சொன்னதாக அவரே எடுத்துக்கொண்டார்.

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் தம்பியின் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்.

ஆனால் அவனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண் இந்த ஊரில்தான் இருக்கிறாள். வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறாள். லிங்கதுரையை ஆட்டோவில் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். போன வாரம் ஒரே ஒரு நாள்தான் போக முடிந்தது.

அன்றைக்குத்தான் அவன் வலது கட்டைவிரல் அசைந்தது.

தேய்த்தாள்.

பழுப்பு போய், கறுப்பு போய், கடைசியில் தகரம் வெள்ளையாக மின்னியது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தாள். சுற்றிலும் டேப் ஒட்டினாள். பெயின்டுக்கு அடிப்பூச்சாக, சின்ன பிரஷ்ஷால் சாம்பல் நிறப் பிரைமரை வைத்தாள்.

ஆறாவது புள்ளியை முடிக்கும்போது கேட் திறந்தது.

பால்துரையோடு வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கதவருகே குனிந்து விரலை நீட்டினார்.

"பிரைமர் இன்னும் காயல. கை வச்சிராதீங்க."

அதற்குள் வைத்துவிட்டார்.

சாம்பல் பூச்சில் ஒரு கைரேகை.

அவள் உப்புத்தாளை எடுத்தாள். அவர்கள் பார்க்கப் பார்க்க அந்த இடத்தை மறுபடியும் தகரம் வரை தேய்த்தாள்.

பால்துரை அவள் பக்கம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஓட்ட ஆளில்லாத வண்டி என்னத்துக்கு, கனி?"

"நான் ஓட்டுவேன், அத்தான்."

மூன்று வாரமாக விடிகாலையில் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்வந்தாள். சுயம்புக்கனி என்ற பெயரில் லைசென்ஸ் எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எடுத்த அன்று லிங்கதுரை சிரித்தான். பீரோவில் பத்திரமாக இருக்கட்டும் என்றான். ஒருநாள்கூட ஸ்டீயரிங்கைத் தொட விட்டதில்லை.

அதை அவள் மறக்கவில்லை.

பால்துரை தம்பியின் பக்கம் திரும்பினார். நீயாவது சொல் என்பதுபோல் பார்த்தார். பேசத்தான் முடியாது. தலையாட்ட முடியும்.

லிங்கதுரை அண்ணனைப் பார்த்தான்.

அவர் காத்திருந்தார்.

லிங்கதுரை தலையாட்டவில்லை.

வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பைப் படியில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று பால்துரை வந்தவரோடு கிளம்பினார். கேட்டை அவரே சாத்திவிட்டுப் போனார்.

தேய்த்த இடத்தில் அவள் மறுபடியும் பிரைமர் வைத்தாள்.

மதியத்துக்கு மேல் பெயின்ட் அடித்தாள். டப்பாவில் இருந்தது புது வெள்ளை. வண்டியின் வெள்ளை எப்போதோ மங்கியிருந்தது. ஆறு இடமும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தன. தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிந்தன.

தெரியட்டும் என்று டப்பாவை மூடினாள்.

திங்கள் காலை.

பயிற்சிக்காரப் பெண் சொல்லிக் கொடுத்தபடி முழங்காலை அவன் முழங்காலோடு முட்டுக்கொடுத்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. மூன்றாம் முறையில் இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வண்டியில் அவன் இடது பக்கம் உட்கார்ந்ததே இல்லை.

அவள் சுற்றி வந்து ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி உறுமி நகர்ந்தது. முன்பாதி கேட்டைத் தாண்டிவிட்டது.

கர்ரென்று ஒரு சத்தம்.

இடது பக்கம். நேற்று முழுக்க அவள் உட்கார்ந்திருந்த கதவு. கேட் தூணில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிரேக்கை மிதித்தபடி அவனைப் பார்க்காமல் இருந்தாள். சின்னக் கீறலுக்கும் ஒரு வாரம் பேசாமல் இருப்பவன்.

அவன் இடது கை மெல்ல எழுந்தது.

கதவின் பக்கம் போகவில்லை. முன்கண்ணாடிக்கு நேராக நீண்டு, தெருவைக் காட்டியது.

அவள் கிளட்சிலிருந்து காலை எடுத்தாள்.

தூண் முடியும்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது.